மிளகாயும் மூச்சுக்குழலும்

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் உடலியல் பாடத்தை நான் தனித்தனிப் பகுதிகளாகவே நடத்தி வந்தேன். நரம்பு மண்டலம் ஒரு வாரம். குருதியும் வெள்ளணுக்களும் மறு வாரம். முன்னது செய்தி கொண்டு செல்வது, பின்னது காவல் புரிவது. இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே மாணவர் மனத்திற் பதிந்திருக்கும். அது பிழை என்று நான் உணர்ந்தது ஓய்வு பெற்ற பின்னரே. மருத்துவ வரலாற்றிலும் அப்பிழை நெடுநாள் நின்றது.

இங்கிலாந்தில் ஹென்றி ஹைட் சால்ட்டர் என்னும் மருத்துவர் 1860ஆம் ஆண்டில் ஆஸ்துமாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவரே அந்நோயால் வருந்தியவர். பூனையின் அண்மையால் இரைப்பு உண்டாவதையும் குறித்தவர். இது நரம்பின் கோளாறு என்பது அவர் முடிபு. 1902இல் பிரான்சு நாட்டு ரிஷேயும் போர்ட்டியேயும் நாய்களிடம் ஒவ்வாமை அதிர்ச்சியைக் கண்டறிந்த பின்னர், அறிஞர் கவனம் குருதியின்பாற் சென்றது. 1960களில் ஒவ்வாமைக்குரிய எதிர்ப்புப் புரதமும் வெளிப்பட்டது. நரம்பு ஏறத்தாழ மறக்கப்பட்டது எனலாம்.

அதனை மீண்டும் அவைக்குக் கொணர்ந்தது மிளகாய்! ஹங்கேரியில் மிளகாய்த் தூளுக்குப் பெயர் பெற்ற செகெட் நகரில், மிக்லோஷ் யாஞ்சோ என்னும் மருந்தியல் அறிஞர் மிளகாய்க்குக் காரம் தரும் காப்சாய்சினை ஆராய்ந்தார். நம் அடுக்களையில் மிளகாய் வறுபட்டால் கூடத்தில் இருப்பவரும் இருமுகிறார் அல்லவா? அவ்விருமலை எழுப்புவது மூச்சுக்குழலின் உணர்நரம்பு. யாஞ்சோ 1966இல் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவர் கட்டுரை, உணர்நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புவதோடு அமையாது, தன் நுனியிலும் ஏதோ ஒரு பொருளைக் கசியவிட்டு அவ்விடத்தில் அழற்சி உண்டாக்குகிறது என்று காட்டிற்று.

1977இல் அவர் மகன் காபோர் யாஞ்சோ முதலியோர், பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளுக்குக் காப்சாய்சினை ஊசி வழியே செலுத்தினர். வளர்ந்த எலியின் நரம்புகள் அதனால் பெரும்பாலும் மரத்துப்போகும், அவ்வளவே. குட்டிகளிடமோ அந்நரம்புகளுட் பெரும்பகுதி அழிந்தே போயிற்று. மீண்டும் தோன்றவும் இல்லை. மாணவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். பொருள் ஒன்றே; வயது வேறாகவே விளைவும் வேறாயிற்று. ஆஸ்துமா பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்குவது என்பதை எண்ணினால், இது சிறு செய்தியன்று.

1983இல் லுண்ட்பெரியும் சாரியாவும் மூச்சுக்குழலுக்கே வந்தனர். சிகரெட்டுப் புகை பட்டால் எலியின் மூச்சுக்குழல் வீங்கும். காப்சாய்சினால் முன்னரே நரம்பு மரத்த எலிகளுக்கு அவ்வீக்கம் உண்டாகவில்லை.

எஞ்சிய கண்ணி 2015இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கிடைத்தது. ஒவ்வாமை கண்ட சுண்டெலியின் நுரையீரலில் வெள்ளணுக்கள் சுரக்கும் பொருள் நரம்பைத் தூண்டுகிறது; நரம்பு சுரக்கும் பொருள் மீண்டும் வெள்ளணுக்களை எழுப்புகிறது. ஒருவர் கூவ மற்றவர் எதிர்கூவுவது போன்ற ஓயாத சுழற்சி இது. அந்நரம்புகளை ஒரு மருந்தினால் சிறிது நேரம் ஊமையாக்கியபோது, சுண்டெலிகளின் மூச்சுக்குழல் அழற்சி தணிந்தது.