கிரிட்டிகல் பாத்

கட்டடம், ஆலை முதலிய பெரிய நிர்மாணங்களைத் திட்டமிடுவோர் ‘கிரிட்டிகல் பாத்’ என்று வழங்கும் தொடரின் முதற்சொல், பிரித்தறிதல், தீர்ப்புச் செய்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையொன்றின் வழியாக வந்தது. விமரிசகனைக் குறிக்கும் ‘கிரிட்டிக்’கும், நெருக்கடியைக் குறிக்கும் ‘கிரைசிஸ்’ஸும் அதன் உடன்பிறப்புகளே.

1957-ஐ ஒட்டி அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் வேலைகளின் வரிசையையும் கால அளவையும் கணக்கிட்டுத் திட்டமிடும் முறையை வகுத்தபோது, தாங்கள் கண்ட வழிக்கு இட்ட பெயர் ‘பிரதான சங்கிலி’ என்பதுதான். இன்றைய பெயரோ, ஏறக்குறைய அதே காலத்தில் பொலாரிஸ் ஏவுகணைக்காக ‘பெர்ட்’ என்ற முறையை அமைத்த கடற்படைத் திட்டத்தாரிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

பாதை என்றதும் குறுக்குவழி நினைவுக்கு வரும். இதுவோ, ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கவேண்டிய வேலைத்தொடர்களில் இருப்பதிலேயே நீண்ட வழி. கூரைத்தளம் வார்த்து முட்டுப் பிரிக்க 14 நாள் ஆகுமென்றும், அதே சமயத்தில் ஆசாரி கதவுகளை இழைத்து முடிக்க 8 நாள் போதுமென்றும், இரண்டும் முடிந்த பின்னரே கதவு மாட்டலாகுமென்றும் வைத்துக்கொண்டால், ஆசாரி 6 நாள் உறவினர் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் கிருகப்பிரவேசத் தேதி அசையாது. தளம் ஒரே நாள் தாமதித்தாலும் முகூர்த்தம் தவறிவிடும்.

‘நெருக்கடிப் பாதை’ என்று பெயர்ப்பது, நெருக்கடி ஏதும் இல்லாத இடத்தில் வீண் பீதி உண்டாக்கும். ‘மாறுநிலைப் பாதை’ பௌதிகத்தின் சாயல் கொண்டது. காரியம் முடியும் நாளை நிர்ணயிக்கும் வழிக்கு, மூலச்சொல்லின் பொருளையும் தாங்கி நிற்கும் ‘தீர்மானப் பாதை’ என்பதே என் அபிப்பிராயத்தில் பொருத்தமான பெயர்.