விலை சொல்லும் ஊரும் உலை வைக்கும் பெண்களும்

நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று ஒரு சிறு பத்தி வரும். கடலை எண்ணெய் 15 கிலோ டின் இன்ன விலை, துவரம் பருப்பு 100 கிலோ மூட்டை இன்ன விலை என்று தொடங்கி உளுந்து, பாசிப்பயறு, மல்லி, வத்தல், புண்ணாக்கு வரை போகும். விருதுநகரில் எதுவும் விளையாது, ஆனால் எல்லாவற்றுக்கும் அங்கேதான் விலை விளையும் என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். நானும் அந்த மாவட்டத்துக்காரிதான், பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் மூட்டைக்கு விலை சொல்லும் அந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள், அதே பருப்பை நூறு கிராம் நூறு கிராமாகக் கடனுக்கு வாங்கும் பெண்களின் ஊர்கள் இருக்கின்றன. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஊர்கள். சந்தையின் வரலாற்றை மூட்டையிலிருந்து எழுதியவர்கள் உண்டு. நூறு கிராமிலிருந்து எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876இல் திறந்தபோது விருதுபட்டி அதில் ஒரு நிலையம். (விருதுநகர் என்ற பெயர் 1923இல்தான் வந்தது.) அதே ஆண்டுதான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. ரயில் வந்தால் பஞ்சம் தீரும் என்றார்கள். ரயில் தானியத்தைப் பசி இருக்கும் இடத்துக்குக் கொண்டு போகாது, விலை இருக்கும் இடத்துக்குத்தான் கொண்டு போகும் என்பதைச் சென்னை மாகாணம் அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டது. விருதுநகரின் கமிஷன் கடைகளும் கிட்டங்கிகளும் வளர்ந்தது இந்தப் பாதையின் மேல்தான்.

நாடார் வணிகர்களின் பேட்டைகளையும் மகமையையும் பற்றி ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த பொதுநிதிதான் மகமை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு நிதி இருந்தது. அதன் பெயர் பிடியரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்ற பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகும். காமராசர் படித்த க்ஷத்ரிய வித்தியாசாலை அப்படி நடந்த பள்ளிதான். சாதி முன்னேற்றத்தின் அழகான கதையாக இதைச் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பிடியை அள்ளிய கை யாருடையது? அளந்து வைத்த அரிசியில் ஒரு பிடி குறைந்தால் கடைசியில் சாப்பிடுகிறவளுக்குத்தான் குறையும். அவள் பெற்ற பெண்பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடமில்லை, பெண்களுக்கான பள்ளி பிறகுதான் வந்தது. நான் பார்த்த நன்கொடைக் கல்வெட்டுகளில் பெண் பெயர் அபூர்வம். பிடியரிசிக்குக் கல்வெட்டே கிடையாது.

1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் பெரும்பாலும் ஊராரின் நன்கொடையில், அரிசியும் பருப்புமாக, நடந்தது. பிடியரிசிப் பானையின் நீட்சியாகவே அதை நான் பார்க்கிறேன். அதே 1956இல், அதே விருதுநகரில், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதமிருந்து இறந்தார். ஒரே ஊர், ஒரே ஆண்டு, சோறு போட்டும் சோறு மறுத்தும் அரசியல் நடந்திருக்கிறது. இரண்டும் வரலாற்றில் ஏறிவிட்டன. ஆண் சாப்பிடாமலிருந்தால் அதற்கு உண்ணாவிரதம் என்று ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் வீடுகளில் பெண்கள் சாப்பிடாமலிருந்ததற்கு 'எனக்குப் பசிக்கலை' என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

1967 தேர்தலில் காமராசர் விருதுநகரிலேயே தோற்றார். தோல்விக்குப் பல காரணங்கள். அவற்றில் அரிசித் தட்டுப்பாடும், அண்ணாதுரை சொன்ன 'ரூபாய்க்கு மூன்று படி'யும் உண்டு. மதிய உணவு தந்தவரை அரிசி தோற்கடித்தது என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் யார், அந்த வரிசையில் நின்றுதான் ஓட்டையும் தீர்மானித்தார்களா என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

இனி தெற்கே சிவகாசிக்குப் போவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1920களின் தொடக்கத்தில். மழை பொய்த்த கரிசல் காடும் காய்ந்த காற்றும் தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் வாகாக இருந்தன. கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த வீடுகளில் நெல்லுச்சோறு என்பது பண்டிகைச் சாப்பாடு. தீப்பெட்டி வேலை வந்ததும் வாரக் கூலி வந்தது, கூலியோடு கடையரிசி வந்தது. ருசியாகப் பார்த்தால் அது முன்னேற்றம்தான். ஆனால் குதிரில் கம்பு இருந்த வீட்டில் மழை தவறினால்தான் பசி. கடையில் வாங்கித் தின்னும் வீட்டிலோ வாரம் தவறினாலே பசி.

என் ஆச்சி தீப்பெட்டிக் கூடு ஒட்டியவள். மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டும்போது அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவாள். பூச்சி அரிக்காமலிருக்க என்பாள். பிள்ளைகள் வழித்து நக்கிவிடாமலிருக்கவும்தான் என்று பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள்.

பிள்ளைகள் பசை ஒட்டியதோடு நிற்கவில்லை. விடிவதற்கு முன் ஆலை வண்டிகள் ஊருக்குள் வந்து குழந்தைகளை ஏற்றிப் போனதை 1983இல் ஸ்மிது கோத்தாரி எழுதினார். 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று சலம் பென்னூர்கர் 1990இல் ஆவணப்படமே எடுத்தார். எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982இலேயே வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது. ஆனால் சத்துணவு மதியம் பள்ளிக்கூடத்தில், வண்டியோ அதிகாலையில் தெருமுனையில். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் குழந்தைகளுக்குப் பெரியவர் கூலியில் 60 சதவீதமாவது தர வேண்டும் என்றது, வேலை நேரத்தில் அடிப்படை உணவும் தரச் சொன்னது. பள்ளியில் தயாராக இருந்த சோற்றை விட்டுவிட்டு ஆலையில் சோறு போடச் சொன்ன அந்த வாசகத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். 1996 தீர்ப்பு அதைவிடக் கறாரானது. குழந்தைகள் மெல்ல மெல்லப் பள்ளிக்குத் திரும்பினார்கள். அவர்கள் விட்டுப்போன கூலியை ஈடுகட்ட வேண்டியவர்கள் அம்மாக்கள்.

அந்த அம்மாக்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? நான்கு மணிக்கு எழுந்து உலை வைக்கிறார்கள். பகலில் வெயில் ஏறும் ஷெட்டில் மதியம்வரை ஊசிப்போகாத சாப்பாடாக இருக்க வேண்டும். அதனால் புளிச்சோறு, பொரிகடலைத் துவையல், வத்தக்குழம்பு. தேங்காய் அரைத்த குழம்பு தாங்காது, கீரை தாங்காது, முட்டை பிள்ளைகளுக்கு. ஆலைக்குள் நெருப்புக்கு இடமில்லை, சூடுபண்ணிச் சாப்பிட முடியாது. குழாய் உருட்டியும் திரி வைத்தும் சரம் பின்னியும் வெள்ளிப்பொடி ஏறிய கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. அந்தக் கையால்தான் பிசைந்து சாப்பிட வேண்டும். சாத்தூர் சேவுக்குப் பெயருண்டு, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பெயருண்டு, விருதுநகர்ப் பொரிச்ச பரோட்டாவுக்கு ஊர் ஊராகப் பலகையுண்டு. எங்கள் மாவட்டத்தின் உணவு என்று யாராவது எழுதும்போது இந்தத் தூக்குவாளிச் சோற்றையும் சேர்க்கட்டும்.

பட்டாசுத் தொழிலாளியின் ஆண்டு தீபாவளியில் முடிகிறது. நாடு வெடிக்கும்போது ஆலை மூடியிருக்கும், திரும்பத் திறக்க ஒரு மாதமாகும். அது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். வெயிலில்லாமல் எதையும் காயப்போட முடியாது. முன்பெல்லாம் அந்த மாதங்களில் பெண்கள் காட்டுக்குக் களையெடுக்கப் போவார்கள், ஒரு படி தானியமாவது வரும். இப்போது பாதிக் காடு சீமைக்கருவேலம். போனஸ் பணம் ஏற்கெனவே பழைய கடனுக்குப் போயிருக்கும். அப்போது அண்ணாச்சி கடையின் பற்று நோட்டு தடிக்கத் தொடங்கும். "அண்ணாச்சி, நோட்டுல எழுதிக்கோங்க" என்று சொல்லும் குரலின் இறக்கம் எனக்குத் தெரியும். அம்மா என்னைத்தான் அனுப்புவாள், பிள்ளை கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார் என்று.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் துரைமார் அரிசியை அளந்து கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். சுரங்க ஊர்களில் கம்பெனிக் கடை வைத்துக் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட கதை உலகெங்கும் உண்டு. சிவகாசியில் முதலாளி மளிகைக் கடை வைக்கவில்லை. ஆலை முன்பணம் கொடுக்கும், கடை கடன் கொடுக்கும், இப்போது குழுக் கடன்காரர் வாரா வாரம் வாசலில் நிற்பார். மூன்றும் மூன்று கைகள், நடுவில் ஒரே பெண். சில்லறையாகக் கடனுக்கு வாங்குகிறவளுக்குப் பருப்பு எப்போதும் விருதுநகர் விலையைவிடக் கூடுதல்தான். மூட்டை விலை இறங்கினால் அந்த இறக்கம் அவளுடைய நூறு கிராமுக்கு வந்து சேருவதில்லை. ஏறினால் மறுநாளே வந்துவிடுகிறது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடைவிதித்தது. டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்காக வந்த தீர்ப்பு. அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, பேரியத்தை முதலில் சுவாசிப்பவர்கள் எங்கள் பெண்கள்தாம். ஆனால் அதன்பின் ஆலைகள் மாதக்கணக்கில் அடைத்துக்கிடந்தபோது தொலைக்காட்சி விவாதங்கள் தொழில் இழப்பைப் பற்றிப் பேசின, காற்றைப் பற்றிப் பேசின. அடுப்பைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. அந்த மாதங்களில் வீடுகளைத் தாங்கியது 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கும் ரேஷன் அரிசி. 2020 ஊரடங்கிலும் அதுதான். இலவச அரிசி சோம்பேறியாக்குகிறது என்று பேசும் நண்பர்களை நான் ஒரு கார்த்திகை மாதம் அங்கே தங்கிப் பார்க்கச் சொல்வேன். அரிசி மட்டும் போதாது என்பது வேறு விஷயம். வயிறு நிறைந்த வீட்டிலும் சோகையேறிய பெண்கள் இருக்கிறார்கள்.

வெடிவிபத்துகளை நான் பட்டியலிடப் போவதில்லை. 2012 முதலிப்பட்டி, 2021 அச்சங்குளம் என்று பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்று மட்டும். சத்துணவுக் கூடங்களில் சமையல் வேலைக்குக் கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தி அப்படி வந்தவள், புருஷன் மருந்து ஷெட்டில் போனவர். காலையில் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு அரிசியை அளக்கும்போது, பதிவேட்டில் இருப்பதற்கு மேல் கண்ணளவில் ஒரு பிடி போடுவாள். "விடுமா, பிள்ளைக வயிறு பதிவேடு பாக்குமா" என்பாள்.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய பற்று நோட்டுகள் கிடைக்குமா என்று இரண்டு மூன்று கடைகளில் கேட்டேன். எந்த வாரம் எந்த வீட்டில் பருப்பு நின்றது, எப்போது எண்ணெய் ஐம்பது மில்லியானது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். ஒரு அண்ணாச்சி சிரித்தார். கணக்கு முடிந்ததும் நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னார். பழைய பேப்பர் எங்கே போகும் என்று கேட்டேன். "எங்க போகும், வெடிக்குக் குழாய் சுத்தத்தான்" என்றார்.