அன்னா மணி இல்லாத 'ராக்கெட் பாய்ஸ்'

2022 பிப்ரவரியில் சோனி லிவ் தளத்தில் வெளியான 'ராக்கெட் பாய்ஸ்' தொடர், அறிவியலாளர்களின் வாழ்வை நாடகமாக்கியதில் ஒரு திருப்பம் என்று பாராட்டப்பட்டது. அப்பாராட்டு தகுதியானதே. ஹோமி பாபா, விக்ரம் சாராபாய் ஆகியோரின் நட்பை மையமாகக் கொண்ட அதன் முதல் பருவம், 1940-களின் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வேர்கொண்டு, 1963-இல் தும்பாவில் ஏவப்பட்ட முதல் ராக்கெட்டோடு நிறைவடைகிறது. சி. வி. ராமன் வருகிறார், இளம் அப்துல் கலாம் வருகிறார். பெண்களும் வருகிறார்கள்: நடனக் கலைஞர் மிருணாளினி, உளவியலாளர் கமலா சௌத்ரி, பாபாவின் காதலியாகக் கற்பனையில் படைக்கப்பட்ட பர்வானா இரானி. மூவரும் கருத்துடன் எழுதப்பட்ட பாத்திரங்கள்தாம். ஆயினும் கதையில் அவர்களின் இடம் ஓர் ஆணுடனான உறவால் வரையறுக்கப்படுகிறது. ஆய்வகத்தில் கருவியின் முன் நிற்கும் பெண் எவரும் முதன்மைப் பாத்திரங்களில் இல்லை.

இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விடை, அக்காலத்து அறிவியலில் பெண்களே இல்லை என்பது. பெங்களூருவின் வரலாறு இவ்விடையை ஏற்கவில்லை.

1933-இல் கமலா பாகவத் (பின்னாளில் கமலா சோஹோனி) பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்று இந்திய அறிவியல் கழகத்திற்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் இயக்குநர் ராமன் மறுத்தார். கமலா நேரில் வந்து, சேர்க்கும்வரை நகரமாட்டேன் என்று நின்றார். ஓராண்டு அவரது வேலையைச் சோதித்த பிறகே முறையான மாணவராக ஏற்பது என்ற நிபந்தனையுடன் இடம் கிடைத்தது. அவர் 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அவருக்குப் பின் அக்கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறந்தது.

அக்கதவு வழியே 1940-இல் வந்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். சாராபாய் கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பி ராமனிடம் ஆய்வு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ராமன் அப்போது வைரங்களின் ஒளியியல் பண்புகளில் மூழ்கியிருந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வு நிறமாலைகளை அன்னா மணி பதிவு செய்தார். கற்களைத் திரவக் காற்றின் குளிர்நிலையில் வைத்து, மங்கலான ஒளிர்வு ஒளிப்படத் தகட்டில் பதியும்வரை 15 முதல் 20 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. 1942-க்கும் 1945-க்கும் இடையில் ஐந்து கட்டுரைகளைத் தம் பெயரில் மட்டுமே வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார்; இந்திய அறிவியல் கழகத்திற்குப் பட்டம் வழங்கும் உரிமை அந்நாளில் கிடையாது. முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணம் காட்டி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அதே 1945-இல் ராமனின் மாணவர் இருவர் இங்கிலாந்து சென்றனர். கேம்பிரிட்ஜ் திரும்பிய சாராபாய் 1947-இல் முனைவரானார். இயற்பியலில் உயராய்வு செய்ய விரும்பிய அன்னா மணிக்குக் கிடைத்ததோ வானிலைக் கருவிகள் குறித்த பயிற்சி. அதையே தம் வாழ்நாள் துறையாக்கிக்கொண்டார். 1948-இல் தாயகம் திரும்பி வானிலைத் துறையில் சேர்ந்து, அதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிய கருவிகள் பலவற்றை இங்கேயே செய்யவும் தரப்படுத்தவும் வழிவகுத்தார்.

தொடரின் உச்சக்காட்சியான தும்பாவுக்கு வருவோம். அங்கிருந்து 1963 நவம்பர் 21 அன்று ஏவப்பட்ட நைக்-அப்பாச்சி, பறக்கும்போது தன் திசையைத் தானே திருத்திக்கொள்ளும் வழிகாட்டு அமைப்பு இல்லாத ஆராய்ச்சி ராக்கெட். அத்தகைய ராக்கெட்டை, வேகம் கூடுமுன் தரையை ஒட்டி வீசும் காற்று எளிதில் திருப்பிவிடும். ஆகவே பல உயரங்களில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளந்து, அதற்கேற்ப ஏவுதளத்தின் சாய்வை அமைக்க வேண்டும். தும்பாவில் வானிலை ஆய்வகத்தையும் கருவிக் கோபுரத்தையும் நிறுவித்தருமாறு சாராபாய் கேட்டுக்கொண்டது அன்னா மணியைத்தான்.

எனவே இதைக் கதைக்கு வெளியே இருந்த ஒருவரை மறந்த செயலாகக் கருத இயலாது. தொடர் காட்டும் கதையின் தொடக்கத்திலும் முடிவிலும் அன்னா மணி இருந்தார். ஆவணங்களில் இருப்பவர் திரைக்கதையில் எங்ஙனம் நழுவினார்?

அறிவியலை நாம் நாடகமாக்கும் இலக்கணத்தில் விடை இருக்கிறது எனக் கருதுகிறேன். மேதையின் திடீர் உதயம், அமைச்சர் அறையின் வாதம், காதல், பகை ஆகியவை காட்சிகளாகின்றன. அளத்தல், அளவீட்டைச் சரிபார்த்தல், பிழையைத் தேடுதல் ஆகியவை பின்னணியில் மறைகின்றன. அன்னா மணியின் வாழ்க்கை முழுவதும் அளவீடு. அளவீட்டை நீக்கியபோது அவரும் நீங்கினார்.

இது தவிர்க்க முடியாத இலக்கணம் அன்று. 1987-இல் பிபிசி ஒளிபரப்பிய 'லைஃப் ஸ்டோரி' என்னும் நாடகம் டிஎன்ஏ கட்டமைப்பின் கண்டுபிடிப்பைச் சொல்கிறது. ஜேம்ஸ் வாட்சன் 1968-இல் எழுதிய நூலில் சிடுசிடுப்பான உதவியாளர் போலச் சித்திரிக்கப்பட்ட ரோசலிண்ட் பிராங்க்ளின், ஜூலியட் ஸ்டீவன்சனின் நடிப்பில் தேர்ந்த ஆய்வாளராக மீண்டார். ஊடுகதிர்ப் படங்களோடு அவர் கொண்ட பொறுமையே அங்கு நாடகமாயிற்று.

பெண்களைக் கதைக்குள் சேர்த்தாலே குறை தீர்ந்துவிடுமா? 2019 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 'மிஷன் மங்கள்' இக்கேள்வியை எழுப்புகிறது. மங்கள்யானை உருவாக்கிய பெங்களூரு இஸ்ரோ குழுவைப் பற்றிய அப்படத்தில் ஐந்து பெண் அறிவியலாளர்கள் உண்டு. ஆனால் எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் திறவுகோல் வித்யா பாலனின் பாத்திரத்திற்குக் கிடைப்பது அடுக்களையில்: எண்ணெய் காய்ந்தபின் அடுப்பை அணைத்தாலும் அச்சூட்டிலேயே பூரி பொரியும் என்பது அது. உவமை சுவையானது, உண்மைக் காரணத்தை மறைப்பதும் அதுவே. விண்கலம் பூமிக்கு மிக அருகில், மிகுந்த வேகத்தில் செல்லும்போது இயந்திரத்தை இயக்கினால் அதே எரிபொருள் கூடுதல் ஆற்றலைத் தரும். சுற்றுப்பாதையைப் படிப்படியாக உயர்த்தியது அதனால்தான். 2013 நவம்பரில் நான்காவது உயர்த்தல் எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. மறுநாளே கூடுதல் முயற்சி ஒன்று திட்டமிடப்பட்டு வென்றது. செவ்வாயை அடையும் தறுவாயில், சுமார் 300 நாள்கள் உறங்கிய இயந்திரத்தை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. நாடகத்திற்கு இவை போதாவா? பூரி எதற்கு?

2014 செப்டம்பர் 24 அன்று உலகெங்கும் பரவிய ஒளிப்படம் நினைவிருக்கும்: பட்டுப்புடவையும் தலையில் பூவுமாகப் பெண்கள் மகிழ்ந்து தழுவிக்கொள்ளும் காட்சி. அவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போன்றோர் அத்திட்டத்தில் மெய்யாகவே முக்கியப் பொறுப்புகளை வகித்தனர். எனினும், அவர்களின் பணியை அறியுமுன்பே உலகம் புடவையை அறிந்துகொண்டது. 'மிஷன் மங்கள்' வெளியாவதற்கு மூன்று வாரங்கள் முன்பு, 2019 ஜூலை 22 அன்று, சந்திரயான்-2 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் முத்தையா வனிதா. பணி இயக்குநர் ரிது கரிதால். நடப்பு, திரையை முந்திச் சென்றிருந்தது.

இங்கே எனக்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பெண் என்பதால் தமக்கு நேர்ந்த இடர்களைப் பற்றிய பேச்சை அன்னா மணி முதுமையிலும் விரும்பவில்லை. அறிவியலில் பெண் என்னும் பரபரப்பே அவருக்குப் பிடிக்கவில்லை. ராமனின் ஆய்வகத்தில் ஆணும் பெண்ணும் பேசிப் பழகுவதுகூடக் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததையும், பெண்கள் தனித்தே உழைத்ததையும் வரலாற்றறிஞர் அபா சுர் பதிவு செய்திருக்கிறார். இவ்விரண்டையும் ஒருசேர ஏற்க வேண்டும். அவரைக் கண்ணீர்க் கதையின் நாயகியாக்கினால் அதுவும் அவரது வேலையை மறைக்கவே செய்யும்.

ஆகவே, திரையில் அறிவியலை ஆராயும் மாணவர்களுக்கு ஒரு கருத்து. பெண் பாத்திரங்களின் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். கருவி யார் கையில் இருக்கிறது, அளவீட்டை யார் படிக்கிறார், பிழையை யார் கண்டறிகிறார் என்பதையும் காட்சிதோறும் குறித்துப் பாருங்கள். பட்டம் பெறாத அந்த 1945 ஆய்வேடு, கட்டமைக்கப்பட்ட நூலாகப் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. நம் நகரத்தைப் பற்றி அடுத்த தொடர் எழுத வருவோர் அங்கிருந்து தொடங்கலாம்.