பாடத்தில் விட்டுப்போன ஒரு வரி

எட்டாம் வகுப்புக்கு அலைகள் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். முகடு, அகடு, அலைநீளம் எல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

1946 ஏப்ரல் 1. அலூசியன் தீவுகளருகே கடலடியில் நிலநடுக்கம். சுமார் ஐந்து மணி நேரம் கழித்து ஹவாயில் சுனாமி. 159 பேர் மாண்டார்கள். நில அதிர்வலை பாறைக்குள் நொடிக்குப் பல கி.மீ. பாயும். சுனாமியோ ஆழ்கடலில் மணிக்கு 700 கி.மீ. அளவில்தான் வரும். இந்த இடைவெளியில் மக்களை எச்சரிக்கலாமே என்று 1949இல் ஹவாயில் ஒரு மையம் அமைத்தார்கள். அது பசிபிக் கடலுக்கு. நமக்கு இல்லை.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது. தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நம் மீனவக் குப்பங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அதே காலை தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து 'சுனாமி' என்று கத்தினாள். இரண்டு வாரம் முன்புதான் அவள் ஆசிரியர் ஹவாய் சுனாமிப் படத்தை வகுப்பில் காட்டியிருந்தார். சுமார் நூறு பேர் பிழைத்தார்கள்.

2007இல் ஹைதராபாத்தில் நமக்கும் எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. ஆனாலும் ஆசிரிய நண்பர்களே, நான் விட்ட வரியை நீங்கள் விடாதீர்கள்: கடல் திடீரென உள்வாங்கினாலோ பொங்கினாலோ, நின்று வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்கு ஓடு.