நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி

கல்விக்காகத் தோன்றிய சங்கம் ஒன்று கால் நூற்றாண்டை நிறைவு செய்யும்போது, கல்வி ஓர் ஒடுக்கப்பட்ட சமுதாயத்திற்கு எதைப் பெற்றுத் தரவல்லது என்பதை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். சான்றிதழையும் உத்தியோகத்தையும் அது பெற்றுத் தருகிறது என்பதை நாம் அறிவோம். நியாயம் கேட்டு நிற்கும் இடத்திலிருந்து நியாயம் வழங்கும் இடத்திற்கு ஒருவரை அது உயர்த்தவும் வல்லது. இதற்குச் சான்றாக விளங்கும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கான்ஸ்டன்ஸ் பேக்கர் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நியூ ஹேவன் நகரில் பிறந்தார். பன்னிரண்டு குழந்தைகளில் அவர் ஒன்பதாமவர். பெற்றோர் கரிபியன் கடலிலுள்ள நெவிஸ் தீவிலிருந்து குடியேறியவர்கள். உலகப் புகழ் பெற்ற யேல் பல்கலைக் கழகம் அந்நகரில்தான் இருக்கிறது. அங்கு மாணவர் சங்கங்களில் சமையற்காரராகப் பணியாற்றினார் தந்தையார். கல்விக் கூடத்தின் சமையலறை வரை அக்குடும்பத்திற்கு இடமிருந்தது; வகுப்பறைக்குச் செல்ல வழியில்லை.

1939-இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்தது. வழக்குரைஞராக வேண்டும் என்பது அவர் விருப்பம். கல்லூரிக்கு அனுப்பப் பெற்றோரிடம் பொருள் இல்லை. வீட்டு வேலைக்குச் சென்றார். பின்னர் இளைஞர்களுக்கான அரசு நிவாரணத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தார். அவர் வாழ்க்கை அத்துடன் நின்றிருக்கக் கூடும்.

அவ்வூரில் கறுப்பின மக்களுக்கென்று சமுதாய நலக் கூடம் ஒன்று இருந்தது. அதனைக் கறுப்பின மக்கள் ஏன் மிகுதியாகப் பயன்படுத்துவதில்லை என்று ஆராய ஒரு கூட்டம் நடைபெற்றது. அங்கே இளம்பெண் கான்ஸ்டன்ஸ் எழுந்து பேசினார். கூடத்தை நிர்வகிக்கும் குழுவில் இருப்போர் வெள்ளையர். யாருக்காகக் கூடம் கட்டப்பட்டதோ அவர்களுக்கு அதன் நடப்பில் எந்தக் குரலும் இல்லை. அதனால்தான் அதனைத் தம்முடையதென்று அவர்கள் கருதவில்லை. அவர் கூறியதன் சாரம் இதுவே.

அக்கூடத்திற்குப் பொருளுதவி செய்து வந்த கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்னும் வெள்ளையரும் அப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டட ஒப்பந்தத் தொழில் செய்து செல்வம் ஈட்டியவர் அவர். தாம் உதவும் நிறுவனத்தையே குறை கூறிய பெண்மீது அவர் சினம் கொள்ளவில்லை. கல்லூரிக்குச் செல்லாத காரணத்தை வினவினார். படிப்புச் செலவு முழுவதையும் தாமே ஏற்றார்.

1941-இல் டென்னசி மாநிலத்தின் ஃபிஸ்க் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார் கான்ஸ்டன்ஸ். தெற்கு நோக்கிய அந்த ரயில் பயணத்தில்தான், கறுப்பினத்தார்க்கென ஒதுக்கப்பட்ட பெட்டிக்கு மாறி அமரும் இழிவை அவர் முதன்முதலாக அனுபவித்தார். பின்னர் நியூயார்க் பல்கலைக் கழகத்திற்கு மாறி, 1943-இல் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றார். 1946-இல் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் சட்டப் படிப்பை முடித்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913-இல் சென்று அண்ணல் அம்பேத்கர் பயின்ற அதே பல்கலைக் கழகம் இது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. உற்ற காலத்தில் செய்யப்பட்ட கல்வி உதவி என்னென்ன பயன் தரும் என்பதற்கு இவ்விரு வரலாறுகளும் சான்று பகரும்.

மாணவியாக இருந்தபோதே, 1945-இல், கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளை நடத்திய சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அதன் தலைவர் தர்குட் மார்ஷல். இவரே பின்னாளில், 1967-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர். 1946-இல் திருமணம் செய்துகொண்ட கான்ஸ்டன்ஸ், அது முதல் திருமதி மோட்லி என அறியப்பட்டார்.

1949-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் அவர் நடத்திய வழக்கு ஆசிரியனாகிய என் உள்ளத்தைத் தொட்டது. ஒரே தகுதி, ஒரே வேலை. ஆயினும் கறுப்பின ஆசிரியர்க்கு வெள்ளை ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். இதனை எதிர்த்த அவ்வழக்கு, முதலில் நிர்வாக அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும் என்ற காரணத்தால் தள்ளுபடியாயிற்று. மோட்லி மனம் தளரவில்லை. பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்த புகழ் வாய்ந்த பிரௌன் வழக்கின் மூல மனுவை 1950-இல் அவரே எழுதினார். அவ்வழக்கில் 1954 மே 17 அன்று, பொதுப் பள்ளிகளில் இனத்தின் பெயரால் பிரித்துவைத்தல் அரசியல் சட்டத்திற்கு முரண் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு தாளில் இருந்தது, கதவுகள் திறக்கவில்லை. மிசிசிப்பிப் பல்கலைக் கழகத்தில் சேர விரும்பிய ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவருக்காக மோட்லி 1961 முதல் வழக்காடினார். 1962 செப்டம்பர் 30 இரவு அங்குப் பெருங்கலவரம் மூண்டது, இருவர் உயிரிழந்தனர். மறுநாள் படை வீரர்களின் காவலோடு மெரிடித் சேர்க்கப்பட்டார். 1963-இல் பட்டமும் பெற்றார். ஜார்ஜியாப் பல்கலைக் கழகத்தின் வாயிலும் மோட்லியின் வாதத்தால் 1961-இல் திறந்தது. அந்நாளில் தென் மாநிலங்களின் விடுதிகள் அவருக்கு அறை கொடா. தம் இன மக்களின் இல்லங்களில் தங்கியே அவர் நீதிமன்றம் சென்றுவந்தார்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் கறுப்பினப் பெண் என்ற பெருமையை 1961-இல் அவர் பெற்றார். மரண தண்டனை விதிக்கத்தக்க குற்ற வழக்கில், குற்றச்சாட்டு படிக்கப்படும் கட்டத்திலேயே வழக்குரைஞரின் துணை வேண்டும் என்பது அவர் வாதம். நீதிமன்றம் அதனை ஏற்றது. அங்கே அவர் நடத்திய பத்து வழக்குகளில் ஒன்பதில் வெற்றி கண்டார். பத்தாவது, நடுவர் குழுவிலிருந்து கறுப்பினத்தாரை அரசுத் தரப்பு விலக்குவது பற்றியது. 1965-இல் அது தோற்றது. 1986-இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய நிலையைக் கைவிட்டு, இனம் காரணமாக நடுவர்களை விலக்குதல் கூடாது என்று தீர்ப்பளித்தது. அவர் தோற்ற வாதம் 21 ஆண்டுகள் கழித்து வென்றது.

1964-இல் நியூயார்க் மாநிலச் செனட் சபைக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். மறு ஆண்டு மன்ஹாட்டன் பகுதியின் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1966 ஜனவரியில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அவரைக் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாக நியமிக்க முன்மொழிந்தார்.

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் வேறு, கூட்டாட்சி அரசின் நீதிமன்றங்கள் வேறு. பின்னவை மூன்று நிலைகளாக உள்ளன. அடிநிலையில் மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில் உச்ச நீதிமன்றம். சாட்சிகளை நேரில் விசாரிப்பது மாவட்ட நீதிமன்றமே. குடியரசுத் தலைவர் பெயரை முன்மொழிய, செனட் சபை ஒப்புதல் அளிக்க வேண்டும். ஒப்புதல் பெற்றவர் நன்னடத்தையுள்ள வரை பதவியில் நீடிக்கலாம். ஓய்வு வயது கிடையாது.

அந்த ஒப்புதல் எளிதில் வரவில்லை. செனட்டின் நீதிக் குழுத் தலைவர் மிசிசிப்பியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட். எந்த மாநிலத்தின் பல்கலைக் கழகத்தை மோட்லி திறக்கச் செய்தாரோ, அந்த மாநிலத்தவர். கம்யூனிஸ்டு என்று பழி சுமத்தி ஏழு மாதம் தாமதப்படுத்தினார். 1966 ஆகஸ்டு 30 அன்று செனட் ஒப்புதல் அளித்தது. நாட்டின் முதல் கறுப்பினப் பெண் கூட்டாட்சி நீதிபதியாக, நியூயார்க் தென் மாவட்ட நீதிமன்றத்தில் மோட்லி அமர்ந்தார்.

தம் இனத்தார்க்கு அவர் சார்பாக நடப்பார் என்று அஞ்சியவரும் உண்டு, எதிர்பார்த்தவரும் உண்டு. அவர் இரு சாராரையும் பொய்யாக்கினார். பாகுபாடு எனக் கூறி வந்தோரின் வழக்காயினும், சான்று போதாதபோது தள்ளுபடி செய்தார். சான்று இருந்தபோது எவருக்கும் அஞ்சவில்லை. 1970-இல், ஓராண்டுக்கு மேலாகத் தனிமைச் சிறையில் வைக்கப்பட்ட மார்ட்டின் சாஸ்டர் என்னும் கைதிக்கு 13,020 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பின் ஒரு பகுதி நீக்கப்பட்டது. ஆயினும் கைதிக்கும் அரசியல் சட்ட உரிமை உண்டென்ற கருத்து வலுப்பெற்றது. 1978-இல், ஆண் நிருபர்களைப் போலப் பெண் நிருபரும் விளையாட்டு வீரர்களின் அறைக்குச் சென்று பேட்டி காணலாம் என்றார். விளையாட்டரங்கம் நகராட்சியின் உடைமை. ஆகவே சம உரிமைச் சட்டம் அங்கும் செல்லும் என்பது அவர் காட்டிய காரணம்.

1975-இல் நிகழ்ந்ததை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பெண் என்பதால் வேலையில் பாகுபாடு காட்டியதாக ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின்மீது பெண் வழக்குரைஞர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். நீதிபதி கறுப்பினப் பெண், பாகுபாட்டை அனுபவித்தவர், ஆகவே விலக வேண்டும் என்று அந்நிறுவனம் கேட்டது. மோட்லி மறுத்தார். இனமும் பாலும் மட்டுமே விலகக் காரணமாகுமெனில் இந்நீதிமன்றத்தின் எந்த நீதிபதியும் இவ்வழக்கை விசாரிக்க இயலாது; ஏனெனில் அவர்களுக்கும் இனமும் பாலும் உண்டு என்று விடை பகர்ந்தார். 'நீ ஒடுக்கப்பட்டவன், நடுநிலையோடு நடப்பாயா?' என்று நம்மைக் கேட்போர் இன்றும் உள்ளனர். அக்கேள்வியை உயர்ந்த நிலையில் இருப்போரிடம் எவரும் கேட்பதில்லை. அவர்களுக்கு நாம் கூறத்தக்க விடை இதுவே.

1982 முதல் 1986 வரை அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மோட்லி, அதன் பின்னும் மூத்த நீதிபதியாக வழக்குகளை விசாரித்தார். 2005 செப்டம்பர் 28 அன்று தமது 84-ஆம் வயதில் மறைந்தார். 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியான கெட்டாஞ்சி பிரௌன் ஜாக்சன், மோட்லி பிறந்த அதே நாளில் 49 ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர். தமது நியமனம் அறிவிக்கப்பட்ட நாளில் மோட்லியை நன்றியுடன் நினைவு கூர்ந்தார்.

இவ்வளவும் தொடங்கியது ஒரு சிறு கூட்டத்தில். ஒரு பெண் எழுந்து, 'எங்களுக்கான கூடத்தில் எங்களுக்குக் குரல் இல்லை' என்று கூறியபோது தொடங்கியது. நம் சங்கமும் நம் பிள்ளைகளுக்காகவே உள்ளது. அடுத்த பொதுக்குழுவில் ஓர் இளைஞரோ, ஒரு மாணவியோ எழுந்து நம் குறையைச் சுட்டினால், மூத்தோராகிய நாம் பிளேக்ஸ்லீயைப் போல் செவிமடுப்போமா, அமர் என்று கூறுவோமா? செயற்குழுவில் அவர்களுக்கும் பெண்களுக்கும் இடமளிப்போமா? வெள்ளி விழாவின் மகிழ்ச்சியோடு இவ்வினாவையும் உறுப்பினர்முன் வைக்கிறேன். இளைஞர்களே, நீங்களோ படியுங்கள். படித்தபின் எழுந்து பேசுங்கள்.