இரத்தத்தில் சாதி இல்லை. இரத்த வங்கிக்குப் போகும் வழியில் இருக்கிறது



பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்புகளில் வேலை செய்யும் எங்களுக்குப் பழகிப்போன ஓர் அழைப்பு உண்டு. "அண்ணா, அக்காவுக்கு நாளைக்கு ஆபரேஷன். ரெண்டு யூனிட் பிளட் வேணும், ஆள் கூட்டிட்டு வரச் சொல்றாங்க." உடனே வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும். யாரோ இரண்டு பேர் அன்றைய கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவார்கள். இந்த "ஆள் கூட்டிட்டு வா" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

சாதி எப்போதும் இரத்தத்தின் பெயரால்தான் தன்னை நியாயப்படுத்திக்கொண்டது. "நம்ம ரத்தம் கலந்துடக் கூடாது" என்று சொல்லித்தான் இன்றும் பெற்ற பிள்ளையையே கொல்கிறார்கள். வெள்ளையர் ஆட்சி அதற்கு அறிவியல் சாயம் பூசியது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1901-ல், வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் தன் இரத்தத்தையும் உடன் வேலை செய்தவர்களின் இரத்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்திருந்தார். சில கலவைகள் திரிந்து கட்டியாயின, சில ஆகவில்லை. இப்படித்தான் இரத்த வகைகள் தெரியவந்தன. சிவப்பணுவின் மேல் ஏ, பி என்ற இரண்டு அடையாளங்களில் ஒன்று இருக்கலாம், இரண்டும் இருக்கலாம் (ஏபி), இரண்டும் இல்லாமலும் இருக்கலாம் (ஓ). நம்மிடம் இல்லாத அடையாளத்தை எதிர்க்கும் பொருள் நம் பிளாஸ்மாவில் இருக்கும். அதனால் தவறான வகையை ஏற்றினால் ஏற்றிய அணுக்கள் சிதையும், சிறுநீரகம் பழுதாகும், உயிரே போகலாம்.

முதல் உலகப் போரின்போது சலோனிகா போர்முனையில் ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் பல நாட்டுப் படைவீரர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். இந்தியர்களிடம் பி வகை அதிகம், ஐரோப்பியர்களிடம் ஏ வகை அதிகம் என்று 1919-ல் எழுதினார்கள். அவர்கள் தேடியது இனத்தைத்தான். ஆனால் எந்த மக்களிடமும் ஒரே ஒரு வகை மட்டும் இருக்கவில்லை. சேரியில் பிறந்தவரின் இரத்தம் அக்ரஹாரத்தில் பிறந்தவருக்குப் பொருந்தும். ஒரு தாய் வயிற்று அண்ணன் தம்பிக்குப் பொருந்தாமலும் போகும். சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனம்தான் என்று பாபாசாகேப் 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். இரத்த வங்கியின் சோதனை மேசையில் அது தினமும் நிரூபணமாகிறது.

அறிவியல் தெரிந்துவிட்டால் பாகுபாடு போய்விடுமா? அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர்களின் இரத்தத்தையே மறுத்தது. 1942-ல் வாங்கத் தொடங்கியபோதும் தனியாக முத்திரை குத்தி வைத்தது. அந்தப் பிரிவினை 1950-ல்தான் ஒழிந்தது.

இங்கே பாட்டிலில் சாதி எழுதவில்லை. இங்கே இரத்தம் விற்பனைச் சரக்கானது. ரிக்‌ஷா இழுத்தவர்களும் வேலையற்றவர்களும் போதிய இடைவெளி விடாமல் காசுக்காக இரத்தம் விற்றார்கள். 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். அதன் பிறகே விற்கப்படும் இரத்தத்தின் ஆபத்து அரசின் கண்ணுக்குப் பட்டது. 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 முதல் இரத்தம் விற்பதற்குத் தடை வந்தது.

விற்பனை போன இடத்தில் மாற்றுக் கொடை வந்து உட்கார்ந்தது. நோயாளிக்கு இரத்தம் வேண்டுமென்றால் பதிலுக்கு உறவினர் கொடுக்க வேண்டும். இந்த முறையைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று 2002-ன் தேசிய இரத்தக் கொள்கையே சொல்கிறது. ஆனாலும் நடைமுறையில் அது தொடர்கிறது.

இதில் தோற்பவர் யார்? இரத்தம் கொடுக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். இரத்தசோகை வீட்டுக்கு வீடு இருக்கும் இடத்தில் பெண்களில் பலர் அந்த மேசையிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். மிச்சமிருப்பது தினக்கூலிக்குப் போகும் ஆண்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து நம் மக்களை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். கூவம் கரையிலிருந்து பெரிய அரசு மருத்துவமனைக்கு நடந்தே போனவர்களுக்கு இப்போது அது சுமார் 25 கிலோமீட்டர். மாமன் ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம் என்று சொந்தபந்தம் சிதறிக் கிடக்கிறது. உறவினரை அழைத்து வா என்பது, உறவுகள் பக்கத்தில் இருப்பவர்களுக்காகப் போட்ட விதி. அந்த இடைவெளியில்தான் காசுக்கு 'உறவினர்' பிடித்துத் தரும் தரகர் நுழைகிறார்.

நாம் செய்ய வேண்டியது இரண்டு.

ஒன்று, முகாமை ஒரே நாளில் குவிக்காதீர்கள். சிவப்பணுவின் ஆயுள் அதிகபட்சம் 42 நாள். தட்டணுவுக்கு 5 நாள்தான். ஏப்ரல் 14 அன்று 100 பேர் கொடுத்தாலும் மே மாத இறுதியில் அதில் ஒரு யூனிட் சிவப்பணுகூட மிஞ்சாது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். பிளாக் வாரியாகப் பட்டியல் போட்டு, ஆண்டு முழுவதும் பிரித்துக் கொடுங்கள்.

இரண்டு, "ஆள் கொண்டு வந்தால்தான் இரத்தம்" என்று யாராவது சொன்னால், அது எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். 2002 கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நாம் கொடுப்பது முகம் தெரியாத ஒருவருக்காக. நமக்குத் தேவைப்படும்போதும் அது அப்படியே கிடைக்க வேண்டும்.

ஜெய்பீம்.