தே தாரிக்

தே தாரிக் மலேசியா, சிங்கப்பூர், புருணை நாடுகளின் கடைகளில் கலந்து தரப்படும் பால் தேநீர். கெட்டியாக இறக்கிய தேயிலைச் சாயத்தையும் டின்பாலையும் இரண்டு குவளைகளுக்கிடையே உயர்த்தி ஊற்றி நுரைக்க வைத்துத் தருவார்கள். மலாய் மொழியில் ‘தே’ என்றால் தேநீர், ‘தாரிக்’ என்றால் இழு. தமிழ்நாட்டு டீக்கடையில் இதே செய்கைக்கு ‘ஆற்றுதல்’ என்று பெயர். குடிப்பவரின் நாக்கை நினைத்துச் சொன்ன சொல் நம்முடையது. எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதோ காற்றில் நீளும் பழுப்புக் கயிறு. மலாய்ச் சொல் அதைப் பிடித்துக்கொண்டது.

கடை திறந்ததும் முதல் வேலை சாயம் இறக்குவது. ஆலையில் தேயிலையைத் தரம் பிரித்துச் சலிக்கும்போது கடைசியில் சேரும் தூள்தான் இதற்கு ஏற்றது. விலை குறைவு, நிறமும் துவர்ப்பும் சீக்கிரம் இறங்கும். நீண்ட காலுறை போலத் தொங்கும் துணி வடிகட்டியில் தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றுவார்கள். இறங்கிய சாற்றை மறுபடியும் அதே பைக்குள் விட்டு எடுப்பார்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் கிடைக்கும் சாயம் கறுத்து, அப்படியே குடிக்க முடியாத கடுப்போடு இருக்கும். குடிப்பதற்கென்று அதை இறக்குவதும் இல்லை. ஆள் வந்து கேட்ட பிறகு, குவளையின் அடியில் டின்பால், அதன் மேல் சாயம், தேவைக்குக் கொதிநீர் என்று சேர்த்தால் போதும். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒரு கோப்பைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஒரே பானைச் சாயத்திலிருந்து ஒருவருக்குக் கடுப்பாகவும் அடுத்தவருக்கு இளசாகவும் தரலாம். சாயத்தை அடுப்பிலேயே நெடுநேரம் கிடக்க விட்டால் மட்டும் காறும். நல்ல கடைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார்.

இழுப்பதை வெறும் வேடிக்கை என்று நினைப்பவர்கள் உண்டு. டின்பால் கனமானது, அடியில் தங்கிவிடும். உயரத்திலிருந்து விழும் வேகத்தில் அது சாயத்தோடு ஒன்றாகக் கலக்கிறது. பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து நாக்கைப் பிடிக்கும் கடுப்பைக் குறைக்கிறது. நடுவே புகும் காற்று நுரையாகிறது, சூடும் குடிக்கும் பதத்துக்கு வருகிறது. ஒரு கை நீளத்துக்கு மேல் இழுப்பதில்தான் வேடிக்கை தொடங்குகிறது. அதற்கென்றே மலேசியாவில் போட்டிகளும் நடக்கின்றன.

இந்தப் பானம் உருவாகப் பல சரக்குகள் பல திசைகளிலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது. ‘தே’ என்ற சொல் ஹொக்கியன் சீனர்களுடையது. அவர்கள் பால் சேர்க்காமல் குடித்தார்கள். பால் சேர்ப்பது ஆங்கிலேயரும் இந்தியரும் கொண்டுவந்த பழக்கம். ஆனால் வெப்ப நாட்டில் கறந்த பால் சீக்கிரம் கெட்டுவிடும். 1856-இல் அமெரிக்காவில் கெயில் போர்டன் பாலைச் சுண்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால், அதாவது டின்பால், இந்தச் சிக்கலைத் தீர்த்தது. பின்னாளில் நெஸ்லே என்று அறியப்பட்ட ஆங்கிலோ-சுவிஸ் பால் நிறுவனம் 1912-இல் பினாங்கில் கால் பதித்தது. பாலும் சர்க்கரையும் ஒரே டப்பாவில், கெடாமல் கிடைத்தன. சிறு கடைக்காரருக்கு இதைவிடத் தோதானது வேறில்லை. தேயிலையைப் பொறுத்தவரை, 1929-இல் கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கப்பட்டது. இருந்தும் மலேசியா இன்றுவரை இறக்குமதித் தேயிலையையும் நம்பியே இருக்கிறது.

கலந்து கொடுத்த கைகள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்களுடையவை. கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரக் கரையோர ஊர்கள் ஆகியவற்றிலிருந்து போனவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சாப்பாட்டுக் கடைகள் வைத்தார்கள். அவர்களைக் குறிக்கும் ‘மாமாக்’ என்ற மலாய்ச் சொல் நம் ‘மாமா’விலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ரப்பர் தோட்ட வாசல்களில் அவர்கள் போட்ட கடைகளில்தான் தே தாரிக் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கதை தொழிலோடு பொருந்துகிறது. குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால் பால் வெட்டுபவர்கள் விடியுமுன்பே கிளம்புவார்கள். ஒரே நேரத்தில் வந்து நிற்கும் அவ்வளவு பேருக்கும் காத்திருக்க விடாமல் கொடுக்க, இறக்கி வைத்த சாயத்தைவிட்டால் வேறு வழியில்லை. ஆயினும் தோட்ட வாசலுக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் வரிசையாக இருந்த ‘சராபாத்’ கடைகளில் இந்திய முஸ்லிம்கள் இஞ்சி போட்ட தேநீரை இழுத்துக் கொடுத்தார்கள். அது இன்று ‘தே ஹாலியா’. துணிப் பையில் சாயம் இறக்கும் முறையோ ஹைனான் சீனர்களின் கோப்பிக் கடைகளிலும் அன்றாட வழக்கம்.

கடையில் கேட்கும் பாஷை முழுவதும் இந்தச் சாயத்தின் மேல் போடும் கணக்குதான். வெறும் ‘தே’ என்றால் டின்பால் சேர்ந்தது. ‘தே ஓ’ பாலில்லாதது. ஓ என்பது ஹொக்கியனில் கறுப்பு. ‘தே சி’ சர்க்கரையில்லாத சுண்டிய பாலோடு வரும். கார்னேஷன் என்ற பால் டப்பாவின் முதல் எழுத்து அது என்பார்கள். ‘காவ்’ என்றால் சாயம் கூடுதல், ‘போ’ என்றால் குறைவு, ‘கோசோங்’ என்றால் இனிப்பு கிடையாது. சீனமும் மலாயும் ஆங்கிலமும் கலந்த இந்தச் சொற்களைத் தமிழ்க் கடைக்காரர் உள்ளே திரும்பிக் கத்துவார்.

சாயத்தைத் தனியே வைத்து வேண்டும்போது கலப்பது மலாயாவுக்கு மட்டும் உரியதல்ல. ரஷ்யர்கள் சிறு கெண்டியில் ‘சவார்க்கா’ இறக்கி சமோவார் வெந்நீரில் இளக்குகிறார்கள். துருக்கியர் இரட்டைக் கெண்டி வைத்திருக்கிறார்கள். ஹாங்காங்கில் துணிப் பையும் சுண்டிய பாலும். தாய்லாந்தின் தென்பகுதியில் இழுத்த தேநீருக்கு ‘சா சாக்’ என்று பெயர். சரவாக்கில் இழுக்காமலே தரும் தேநீர் ஒன்று உண்டு. பனைவெல்லப் பாகு, பால், சாயம் மூன்றும் கலக்காமல் அடுக்காக நிற்க, பனிக்கட்டியோடு கண்ணாடிக் குவளையில் வரும்.

சிங்கப்பூரின் அங்காடிக் கடைப் பண்பாடு 2020-இலும், நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவை அடங்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாடு 2024-இலும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. இவற்றுக்கு முன்பே, 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள அடைத்து விற்கும் பானங்களுக்கு மலேசியா லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. கடையில் கலக்கும் தேநீர் இதில் வராது. அங்கே அளவை முடிவு செய்வது கலக்குபவரின் கரண்டி. ‘குராங் மானிஸ்’, அதாவது இனிப்புக் குறைவாக, என்று கேட்பவருக்கு அவர் டின்பாலைக் குறைப்பார். பால் குறைந்தால் கடுப்பு தலைதூக்கும் என்பதால், சொல்லாமலே சாயத்திலும் கொஞ்சம் கையை இறுக்கிக்கொள்வார்.